பேசாத பெரியவர்: ஆர். கே. லட்சுமணின் தூரிகையும் அதன் குருமரபும்

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்தார். அவற்றுள் எள்ளலை விளக்கப் புகுந்த பேராசிரியர், அதனை இருவகைப்படுத்துகிறார். பிறரைத் தான் எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானே நகுதல் மற்றொன்று. முதல்வகை நகை எளிது, தெருவெங்கும் கிடைப்பது. இரண்டாம் வகைக்கு உள்ளத்தில் ஒரு முதிர்ச்சி வேண்டும். நாள்தோறும் காலையில் காப்பிக் கோப்பையுடன் செய்தித்தாளை விரித்த இந்திய நடுத்தர வகுப்பினனுக்கு, அந்த இரண்டாம் வகை நகையை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழக்கிக் கொடுத்த ஓவியர் ஒருவர் உண்டு. அவரே ஆர். கே. லட்சுமண்.

சங்க மலர்களில் கம்பனையும் இளங்கோவையும் பாரதியையும் பற்றிக் கட்டுரைகள் குறைவின்றி வருகின்றன. கருத்துப்படக்காரரைப் பற்றி ஒரு பக்கமேனும் திறனாய்வாக எழுதும் வழக்கம் நம்மிடையே இல்லை. பார்த்தோம், சிரித்தோம், பக்கத்தைப் புரட்டினோம் என்பதோடு அந்தக் கலை முடிந்துவிடுகிறது. தமிழ் இதழுலகில் கருத்துப்படத்துக்கு வழிதிறந்தவர் ‘இந்தியா’ வார இதழை நடத்திய பாரதியே என்பதை மேடையில் பெருமையுடன் சொல்கிறோம். அந்தப் படங்களில் கோடு எப்படி ஓடுகிறது, கருத்து எப்படிப் பொதிந்திருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. ஆகவே இம்மலரில் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டமைக்குத் தனியே காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு காரணம் சொல்லியே ஆகவேண்டுமெனில், அது இந்த ஊர். லட்சுமண் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்ததும், 2015ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், குடியரசு நாளன்று, தம் 93ஆம் வயதில் கண்மூடியதும் புனே நகரில்தான். ஏரவாடாவில் வாழும் நாம் முளா-முட்டா ஆற்றுப் பாலத்தைக் கடந்து நகருக்குள் சென்றால், சேனாபதி பாபட் சாலையில் உள்ள சிம்பயாசிஸ் வளாகத்தில் அவருடைய ‘சாமானிய மனிதர்’ வெண்கலச் சிலையாக நிற்பதைக் காணலாம். பாலேவாடியில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகம் 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது.

மன்னர்க்கும் தளபதிக்கும் தலைவர்க்கும் சிலை எடுக்கும் மராட்டிய மண்ணில், ஒருபோதும் வாழ்ந்திராத ஒரு கிழவருக்குச் சிலை எழுந்தது. குதிரையில்லை, வாளில்லை, நீட்டிய விரலுமில்லை. கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, மூக்குக் கண்ணாடி, வழுக்கைத் தலையின் இருமருங்கிலும் பறக்கும் சில வெண்மயிர்கள், மீசை என்று சொல்லத்தக்க ஒரு சிறு தூரிகைக் கீற்று. இவ்வளவே அவர். இந்த உருவம் எங்கிருந்து வந்தது, அதை வரைந்த கை யார் யாரிடம் கற்றது, அது கற்றதை எப்படி மாற்றிக்கொண்டது என்பவையே இக்கட்டுரையின் பொருள்.

லட்சுமணின் பெயர் முன்னெழுத்துகளில் முதலாவது ‘ஆர்’, இன்றைய நாமக்கல் மாவட்டத்து இராசிபுரம். அடுத்தது தந்தையார் கிருஷ்ணசாமி. தமிழ் பேசும் குடும்பம், வாழ்ந்தது மைசூரில். தந்தை பள்ளித் தலைமையாசிரியர். மக்கள் எண்மருள் 1921 அக்டோபர் 24இல் பிறந்த லட்சுமண் கடைக்குட்டி. ஆங்கில நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஆர். கே. நாராயண் இவருடைய மூத்த தமையன்மாருள் ஒருவர். வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், பள்ளியிலும் இதழிலும் ஆங்கிலம், பிழைக்க வந்த பம்பாயில் மராத்தியும் இந்தியும். நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் நாள்தோறும் செய்துவரும் மொழிக் கழைக்கூத்துத்தான் இது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. ‘அவர் நம்மவர்’ என்று மார்தட்டி ஒரு பொன்னாடை போர்த்திவிட்டு நகர்வது எளிது. ஆனால் அவர் தமிழில் எழுதியவர் அல்லர், தமிழ் இதழுலகில் தொழில் நடத்தியவரும் அல்லர். அவருடைய கலையில் தமிழ்க்கூறு எது என்று துருவித் தேடுவது வீண் வேலை. தேட வேண்டியது வேறொன்று: இத்தனை மொழிகளுக்கிடையே வளர்ந்த ஒருவர், தம் தலைமைப் பாத்திரத்துக்கு ஏன் ஒரு மொழியுமே கொடுக்கவில்லை? அந்த ஐயமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

எழுத்தறியும் முன்பே அவர் படமறிந்தார். வீட்டுக்கு வந்த ‘ஸ்டிராண்ட்’, ‘பஞ்ச்’, ‘பைஸ்டாண்டர்’, ‘டிட் பிட்ஸ்’ முதலிய ஆங்கில இதழ்களின் படங்களில் அவர் கண் முதலில் மேய்ந்தது. பின்னர் வீட்டின் தரை, சுவர், கதவு எல்லாம் அவருக்கு ஏடாயின. பள்ளியில் ஒருநாள் இலை ஒன்றை வரையச் சொன்னபோது அவர் வரைந்த அரசிலையைக் கண்ட ஆசிரியர், இவன் ஓவியனாவான் என்று வாழ்த்தினாராம். அந்த ஒரு சொல்லே தம்மைத் தாங்கியதாக லட்சுமண் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ஆசிரியப் பணியில் இருப்போர் இதைச் சற்றுக் கவனிக்கலாம்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆசிரியர் இலண்டனில் இருந்தார். அவர் டேவிட் லோ. சென்னை ‘இந்து’ நாளிதழ் அவருடைய கருத்துப்படங்களை மறுபதிப்புச் செய்துவந்தது. மைசூர்ச் சிறுவன் அவற்றில் மயங்கினான். ஓவியரின் கையொப்பத்தில் முதலெழுத்து வளைந்திருந்தமையால், அந்தப் பெயரை ஆங்கிலத்தில் பசுவைக் குறிக்கும் சொல்லாகவே நெடுநாள் படித்துவந்தானாம்! குருவின் பெயரைப் பசுவென்று கொண்ட சீடன் உலகில் வேறெவரும் இருந்திருக்க மாட்டார்.

இந்த லோ யார்? 1891இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் ‘புல்லட்டின்’ இதழில் பெயர்பெற்று, 1919இல் இலண்டனில் குடியேறியவர். அவரும் வந்தேறியே. வேற்றூரிலிருந்து வந்தவன் கண்ணுக்கு உள்ளூரின் விந்தைகள் துலக்கமாகத் தெரியும் என்பதற்கு அவரே சான்று. 1927 முதல் ‘ஈவினிங் ஸ்டாண்டர்டு’ நாளிதழில் வரைந்தார். இதழின் உரிமையாளர் பீவர்புரூக் பிரபுவின் அரசியல் ஒருபக்கம், லோவின் அரசியல் மறுபக்கம். ஆயினும் தாம் நினைத்ததை வரையும் உரிமையை முன்கூட்டியே பேசி வாங்கிக்கொண்டவர் லோ. அவர் தீட்டிய படங்கள் ஹிட்லரைச் சினமூட்ட, 1937இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிபாக்ஸ் பிரபு சற்று அடக்கி வரையுமாறு அவரிடம் வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. 1932இல் நம் ஏரவாடாச் சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து, அதன் பயனாகப் பூனா ஒப்பந்தம் கையெழுத்தான காலத்தில், லட்சுமணுக்கு வயது பத்து. காந்தியடிகளையும் இந்தியச் சிக்கலையும் இலண்டனிலிருந்து லோ வரைந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. நம் நாட்டு அரசியலையே கடல்கடந்து சென்று திரும்பிய கோடுகளின் வழியாக அந்தச் சிறுவன் கண்டான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

லோவிடமிருந்து லட்சுமண் பெற்றவற்றுள் தலையாயது தூரிகை. பேனாவின் கூர்முனை நுணுக்கத்துக்கு உகந்தது. ஆனால் அதன் கோடு ஒரே பருமனுடையது. தூரிகையோ தொடங்கும்போது மெலிந்து, நடுவில் தடித்து, முடியும்போது மீண்டும் நூலிழையாகும். அமைச்சரின் தொப்பை ஒரே வீச்சில் உருண்டுவிடும். கோட்டின் பருமனிலேயே ஆளின் கனம் வந்துவிடும். இரண்டாவதாகப் பெற்றது வெற்றிடத்தின் ஆட்சி. லோவின் படங்களில் கருமையும் வெண்மையும் பெரும்பெரும் பரப்புகளாகப் பிரிந்துநிற்கும். கண் எங்கே செல்லவேண்டுமோ அங்கேதான் செல்லும். லட்சுமணின் பெரிய அரசியற் படங்களில் இப்பாடம் தெளிவாகத் தெரிகிறது.

சிறிய படங்களில் நிலைமை வேறு. அங்கே குருவின் அமைதி இல்லை. நம் நாட்டு நெரிசல் இருக்கிறது. கோப்புகள் கூரைவரை அடுக்கிய அலுவலகம், குழிவிழுந்த சாலை, சாய்ந்த மின்கம்பம், படுத்த நாய், கூரைமேல் காக்கை, பிளந்த குழாயிலிருந்து பீறிடும் நீர், அதன் பக்கத்திலேயே வெற்றுக்குடங்களின் வரிசை. இவற்றை எந்த இலண்டன் ஆசானும் கற்பித்திருக்க முடியாது. மைசூர்ச் சந்தையிலும் பம்பாய் நடைபாதையிலும் நின்று நின்று கண் கற்றது இது. கற்ற கோடு லோவினுடையது. கண்ட உலகம் தம்முடையது. இவ்விரண்டும் பொருந்திய இடமே லட்சுமணின் கலை பிறந்த இடம் என்பேன்.

கல்லூரிக் கல்விக்குமுன் பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர விரும்பி மனுச்செய்தார். மாணவனாகச் சேர்ப்பதற்குப் போதிய திறமை படங்களில் காணப்படவில்லை என்று மறுமொழி வந்தது. பின்னாளில் அதே பள்ளி அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது என்பதை நகைச்சுவையாக எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இதில் நகைச்சுவையைவிட வேறொரு செய்தி படுகிறது. பள்ளியில் பயின்றிருந்தால் அவர் கெட்டுப்போயிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அதே ஜே. ஜே. பள்ளியில் பயின்று, சொல்லேயில்லாத நகைச்சுவைப் படங்களால் மராத்தி இதழ்களின் அட்டைகளை அழகுசெய்த புனேயின் எஸ். டி. பட்னிஸ் அவர்களை நாம் அறிவோம். அவர் வண்ணத்திலும் வடிவ ஒழுங்கிலும் பள்ளிப்பயிற்சியின் மெருகு மின்னும். லட்சுமணிடம் அந்த மெருகு இல்லை, பரபரப்பு இருக்கிறது. தீபாவளி மலருக்காக மாதக்கணக்கில் நினைத்து வரையும் கலை ஒன்று. மாலைக்குள் அச்சுக்குப் போகவேண்டிய கலை மற்றொன்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று.

அவருடைய தொழிற்பயணத்தை விரிவாகச் சொல்லின் ஏடு கொள்ளாது. மைசூர் மகாராஜா கல்லூரியில் படிக்கும்போதே தமையனார் ‘இந்து’வில் எழுதிய கதைகளுக்குப் படம் வரைந்தார். மருத்துவர் சிவராம் நடத்திய ‘கொரவஞ்சி’ என்னும் கன்னட நகைச்சுவை இதழில் அவர் கோடுகள் வளர்ந்தன. (நம் குறவஞ்சிதான் அங்கே கொரவஞ்சி, குறி சொல்பவள் நாட்டு நடப்புக்கும் குறி சொன்னாள்!) சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் ஒரு விடுமுறைக்காலம் வேலை பார்த்தார். பிறகு பம்பாய், ‘பிளிட்ஸ்’, ‘பிரீ பிரஸ் ஜர்னல்’. பின்னையதில் கம்யூனிஸ்டுகளைக் கேலிசெய்யலாகாது என்று உரிமையாளர் விதித்த தடைக்கு உடன்படாமல் வெளியேறி, 1947இல் ‘டைம்ஸ் ஆப் இந்தியா’வில் சேர்ந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட உறவு அது. லோ உரிமையாளரிடம் வாங்கி வைத்துக்கொண்ட அந்த உரிமையின் மதிப்பைச் சீடரும் இவ்வாறு தம் வேலையையே விலையாகக் கொடுத்து உணர்ந்தார்.

‘பிரீ பிரஸ் ஜர்னல்’ நாட்களில் அவருக்குச் சகாவாக இருந்தவர் பால் தாக்கரே. அவரும் லோவைப் போற்றியவர், தூரிகை வல்லவர். ஒரே தொழில், ஒரே மானசீக குரு. ஒருவர் நாளிதழின் மூலைப்பெட்டிக்குள் தம் கலையை அடக்கிக்கொண்டார். மற்றவர் 1960இல் ‘மார்மிக்’ என்னும் கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். 1966இல் அதன் தொடர்ச்சியாக ஓர் இயக்கமே எழுந்தது. அதன் தொடக்க ஆண்டுகளில் பம்பாயில் வாழ்ந்த தென்னிந்தியக் குடும்பங்கள் எவ்வளவு அச்சத்தோடு இருந்தன என்பதை நம்முள் மூத்தவர்கள் அறிவார்கள். பழைய வடுவைக் கிளறுவது என் நோக்கமன்று. கேலிக்கோடு வெறும் விளையாட்டு அன்று என்பதை இதைவிடத் தெளிவாக எது காட்டும்? கீழிருந்து மேல்நோக்கி எறிந்தால் அது அதிகாரத்தைச் சுடும். பக்கத்து வீட்டானை நோக்கித் திருப்பினால் அது அவன் பிழைப்பைச் சுடும். இருவரும் தம்முள் நட்புடனே இருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இனிச் சாமானிய மனிதருக்கு வருவோம். 1951இல் ‘யூ செட் இட்’ என்னும் ஒற்றைப்பத்தி அகலச் சிறுபடம் தொடங்கியது. முதலில் லட்சுமண் நாட்டு மக்களைக் காட்டவேண்டிய இடங்களிலெல்லாம் ஒரு கூட்டத்தையே வரைந்தார்: வங்காளி, தமிழர், பஞ்சாபியர், மராட்டியர் என்று ஒவ்வொரு மாநிலத்தாரையும் அவரவர் தலைப்பாகை, உடை, மீசையோடு. நாளுக்கு நாள் நேரம் நெருக்க, கூட்டம் மெல்ல மெல்லக் கரைந்தது. ஒவ்வொருவராக வெளியேறி, இறுதியில் எஞ்சியவர் கட்டம்போட்ட கோட்டுக்காரர் ஒருவரே. இது ஓவியரே கூறிய வரலாறு.

அச்சுக்கூடத்து அவசரத்தில் நேர்ந்த இந்தச் சுருக்கத்தில் பெரியதொரு கலையுண்மை பொதிந்துள்ளது. எஞ்சிய மனிதர் எந்த மாநிலத்தவர்? வேட்டியை வைத்துத் தமிழர் என்பீர்கள். மராட்டிய நண்பரும் வங்காள நண்பரும் அதே வேட்டியைக் காட்டித் தம்மவர் என்பார்கள். ஊர் தெரியவில்லை, சாதி தெரியவில்லை. வாய் திறந்தால் தெரிந்துவிடும், அவர் திறக்கவில்லை. ஒரு சொல் பேசினாலும் அவர் ஏதாவதொரு மொழிக்காரர் ஆகிவிடுவார். அந்தக் கணமே மற்றவர்க்கு அயலார் ஆவார். மொழிவாரி மாநிலங்களுக்காக நாடே கொந்தளித்த அதே பத்தாண்டில் பிறந்த பாத்திரம் இவர் என்பதை நினைவிற் கொள்க. வீட்டிலொரு மொழி, வீதியிலொரு மொழி என்று வளர்ந்த ஓவியருக்கு, பேச்சே ஒருவனை அடைத்துவிடும் கூண்டு என்பது பட்டறிவாகவே தெரிந்திருக்கும் என்று கருதுகிறேன். ‘நீ சொன்னாய்’ என்று பொருள்படும் தலைப்பின்கீழ், நாயகர் ஒன்றுமே சொல்வதில்லை. சொல்பவர்கள் அமைச்சர்கள், அதிகாரிகள், ஒப்பந்தக்காரர்கள். தம் வாயாலேயே அவர்கள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அருகில் ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் அந்தச் சொற்களைக் குற்ற வாக்குமூலமாக மாற்றுகிறது.

லோவின் புகழ்பெற்ற பாத்திரமான கர்னல் பிளிம்போடு இவரை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1934இல் தோன்றிய பிளிம்பு ஓயாது பேசுபவர். நீராவிக் குளியலறையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முன்னுக்குப்பின் முரணாக முழங்குபவர். மடமைக்கே உருவம் கொடுத்தவர். தொல்காப்பியர் சொன்ன பேதைமையும் மடனும் அவரிடம் நகைக்குக் களன்களாகும். மற்றோர் ஆங்கில ஓவியராகிய சிட்னி ஸ்ட்ரூப் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ இதழில் வரைந்த ‘சிறு மனிதர்’, குடையும் வட்டத்தொப்பியுமாக வரிச்சுமை தாங்கும் குடிமகன், நம் சாமானியருக்கு நெருங்கிய உறவினர். ஆயின் அவரும் துன்பப்படும் பாத்திரமே. வெறுமனே பார்த்து நிற்பவர் அல்லர். லட்சுமணின் பெரியவர் எங்கும் இருப்பார்: அமைச்சரவைக் கூட்டத்தில், விமானநிலையத்தில், வெள்ளம் பாய்ந்த சிற்றூரில், ஐ.நா. அவையின் வாயிலில்கூட. எப்படி உள்ளே வந்தார் என்று எவரும் கேட்பதில்லை. நிலவுக்கு அனுப்பத் தகுந்த ஆளாக அறிவியலார் இவரையே தேர்ந்தெடுப்பதாக ஒரு படம் உண்டு: நீரும் உணவும் காற்றும் வெளிச்சமும் இன்றி வாழப் பழகியவர் வேறு யார்?

நம் அகப்பாடல்களில் ‘கண்டோர்’ என்றொரு கூற்றினர் வருவார்கள். தலைவனும் தலைவியும் உடன்போகும் சுரவழியில் அவர்களை எதிர்ப்பட்டுப் பார்த்தவர்கள். கதை அவர்களுடையது அன்று. ஆயினும் அவர்கள் கண்டதனால்தான் நமக்குத் தெரிகிறது. லட்சுமணின் பெரியவர் கூற்றில்லாத கண்டோர். அவர் முகத்தை உற்றுப் பாருங்கள், அவர் சிரிப்பதில்லை. புருவம் உயர்ந்திருக்கும், கண்ணாடிக்குள் கண் விரிந்திருக்கும். அது நகை அன்று, மருட்கை. வியப்பு அவருக்கு, நகை நமக்கு. இந்தப் பங்கீடே அந்தச் சிறுபடத்தின் உயிர்நாடி. அவரும் சிரித்துவிட்டால் நமக்குச் சிரிக்க ஒன்றும் மிஞ்சாது. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் இதற்கு நேர்மாறானவன்; அரசனையும் விடாமல் வாயாடி நகைப்பூட்டுபவன். கட்டியங்காரனைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வாய்திறவாத விதூஷகர் புதியவர்தான்.

தமிழ் இதழ் ஓவியத்தில் இதற்கு அருகே வருபவர் கோபுலு. 1924இல் தஞ்சையில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்று, ஆனந்த விகடனில் மாலியின் வழிநின்று வளர்ந்த அவர், சொல்லில்லாத நகைச்சுவைப் படங்களில் ஒரு சாதனையாளர். கல்யாண வீட்டுப் பந்தி, ரயில் பயணம், கோயில் திருவிழா என்று குடும்பத்தின் அகத்தைச் சிரிக்கக் காட்டினார். லட்சுமண் புறத்தை எடுத்துக்கொண்டார். கோபுலுவின் கோட்டில் கனிவு மிகுதி. லட்சுமணின் கோட்டில் கடி மிகுதி. இருவரும் 2015இல் சில மாத இடைவெளியில் மறைந்தனர். கோபுலு ஆங்கிலத்தில் வரைந்திருந்தால் என்று சிலர் பெருமூச்சு விடுவதுண்டு. அந்தப் பெருமூச்சில் எனக்கு உடன்பாடில்லை. தஞ்சைப் பந்தியில் இலை போடும் திசைகூட அறியாத வாசகனுக்கு அந்தப் படங்களில் பாதி விளங்கியிருக்காது.

லட்சுமணைக் குறைகூறாமல் புகழ்வது அவருக்கே பிடிக்காது. சாமானிய மனிதர் உண்மையில் எவ்வளவு சாமானியர்? அவரிடம் கோட்டு இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, நாளிதழ் வாங்கக் காசு இருக்கிறது. நாட்டின் வயலில் குனிந்து நிற்பவரும் சாக்கடையில் இறங்குபவரும் அவர் அல்லர். அவர்கள் படத்தில் வரும்போது குடிசையருகே, எலும்பும் தோலுமாக, பெரும்பாலும் அடையாளப் பொருளாகவே வருகிறார்கள். பெண்டிர் நிலையும் அத்தகையதே. பெரியவருடைய மனைவி சில படங்களில் தோன்றுகிறார். தெளிவாகப் பேசவும் செய்கிறார். ஆனாலும் அவர் மனைவியாகவே வருகிறார். சாமானியப் பெண்ணுக்கென்று ஒரு மூலைப்பெட்டி அமையவில்லை. இதைக் காலத்தின் எல்லை என்று சொல்லி ஓவியரைக் காப்பாற்றலாம். ஆனால் காலத்தின் எல்லையைக் கேலிசெய்வதே தொழிலாகக் கொண்டவருக்கு அந்தச் சலுகை முழுவதும் பொருந்தாது.

இதனினும் பெரிய வினா ஒன்றுண்டு. பார்த்துக்கொண்டே நிற்பது போதுமா? 1975 ஜூன் இறுதியில் நெருக்கடிநிலை வந்தது. இதழ்களுக்குத் தணிக்கை வந்தது. எதிர்க்கட்சியினரும் இயக்கத்தாரும் பலர் நம் ஏரவாடாச் சிறையிலேயே அடைக்கப்பட்டிருந்தனர். அந்தச் சிறையின் நெடுஞ்சுவரைத் தாண்டி வேலைக்குப் போய்த் திரும்பிய நம் குடும்பங்களும் அன்று ஒன்றும் பேசியவை அல்ல. லட்சுமண் தில்லி சென்று இந்திரா காந்தியையே நேரில் கண்டு கேட்டதாகவும், அவர் வரையத் தடையில்லை என்றதாகவும், ஆயினும் பின்னர் அமைச்சர் வித்யாசரண் சுக்லா எச்சரித்ததாகவும், மனம் நொந்து மொரீஷியசுக்குச் சென்று தொழிலையே விட எண்ணியதாகவும் லட்சுமண் கூறியிருக்கிறார். 1977இல் தேர்தல் வந்தது. அவர் தூரிகையும் மீண்டது. அதே காலத்தில், 1975 டிசம்பரில், அபு ஆப்ரகாம் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ இதழில், குளியல்தொட்டியில் அமர்ந்தபடியே அவசரச் சட்டங்களில் கையெழுத்திடும் குடியரசுத் தலைவரை வரைந்தார். நெருக்கடிநிலையைப் பற்றி எழுதுவோர் இன்றும் முதலில் நினைப்பது அந்தப் படத்தைத்தான். சங்கரின் ‘சங்கர்ஸ் வீக்லி’ அதே ஆண்டு ஆகஸ்டில் நின்றுபோனது. துணிவை அளக்கும் கோல் கொண்டு பார்த்தால், அந்த ஒரு படத்தின் உயரத்தை அந்த மாதங்களில் லட்சுமண் எட்டவில்லை என்பதே என் மதிப்பீடு.

ஆயினும் ஓர் உச்சத்தைக்கொண்டு மட்டும் இக்கலையை அளத்தல் தகாது. ஒருநாள் இடிமுழக்கத்தைவிட ஐம்பதாண்டுத் தூறல் மண்ணை ஆழ நனைக்கும். நேரு முதல் எத்தனையோ பிரதமர்களை அவர் உருவமழியாமல் உருமாற்றினார். காந்திக் குல்லா இல்லாத வழுக்கைத் தலையராக நேருவை வரைந்த துணிவு அக்காலத்தில் சிறிதன்று. 1962இல் தம்மைப் பற்றி வந்த ஒரு படத்தைக் கண்டு சினப்பதற்கு மாறாக, நேருவே தொலைபேசியில் அழைத்து அதன் பெரிய படியொன்றைக் கையொப்பத்துடன் வேண்டினார் என்று ஓவியர் கூறியுள்ளார். ஆள்வோனும் எள்ளப்பட்டபோது தானே நகும் அந்த இரண்டாம் வகை நகையைக் கற்றிருந்த காலம் அது. 1973இல் பத்மபூஷண், 1984இல் மகசேசே விருது, 2005இல் பத்மவிபூஷண் ஆகியவை அவரை வந்தடைந்தன. 1988இல் அவருடைய பெரியவர் அஞ்சல்தலையிலும் ஏறினார். கோட்டுப்பையில் கைவிட்டாலும் காசு கிடைக்காத அந்த மனிதர் காசு கொடுத்து வாங்கும் பொருளானது, லட்சுமணே வரைந்திருக்கவேண்டிய படம்.

தமையனாருடைய மால்குடிக்கு அவர் தீட்டிய படங்களை இங்கே குறிப்பிடாமல் விட இயலாது. நாராயண் சொல்லால் ஓர் ஊரைக் கட்டினார். ஆனால் அதன் திண்ணையும் தூணும் சந்தைத் தெருவும் எப்படியிருக்கும் என்று நம் கண்ணுக்கு முடிவுசெய்து கொடுத்தவர் தம்பி. 1980களின் பிற்பாதியில் தூர்தர்ஷனில் சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ தொடர் வந்தபோது, அதன் முகப்பில் ஓடிய கோடுகள் லட்சுமணுடையவை. இந்தப் படங்களில் அரசியல் இல்லை, அவசரமும் இல்லை. கடி இல்லாத லட்சுமணைக் காண விரும்புவோர் இங்கே காணலாம். ‘ஏஷியன் பெயின்ட்ஸ்’ நிறுவனத்துக்காக 1954இல் அவர் படைத்த கட்டு என்னும் குறும்புச் சிறுவனையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நம் வீட்டுச் சுவருக்கு வண்ணமடித்த டப்பாவில் சிரித்தவன் அவன்தான்.

எல்லாவற்றுக்கும் அப்பால் அவருக்குக் காக்கை இருந்தது. சிறுவயதிலேயே அவர் கண்ணைக் கவர்ந்த பறவை அது. பசுமையும் நீலமும் செம்மையுமான உலகில் கருப்பாக, உயிர்ப்பாக, எங்கும் தாவித்திரிந்த ஒன்று. தூரிகையும் மையும் கொண்ட கைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் ஏது? அழகற்றதென்று பிறர் ஒதுக்கிய பறவையை அவர் நூற்றுக்கணக்கில் வரைந்தார். காக்கைகளுக்கென்றே கண்காட்சி வைத்தார். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் நோக்கும் காக்கை, இறகு சிலிர்க்கும் காக்கை, மழையில் ஒடுங்கும் காக்கை. சோற்றுருண்டை வைத்துக் கரைந்தழைக்கும் வீடுகளில் பிறந்த நமக்கு அந்தப் படங்களைக் காண விளக்கவுரை வேண்டியதில்லை. சாமானிய மனிதரின் வியப்பும் ஒருபக்கமாகச் சாய்ந்த பார்வையும் இந்தப் பறவையிடமிருந்து வந்தவையோ என்று எனக்கு நெடுநாளாய் ஓர் ஐயமுண்டு. 2003இல் பக்கவாதம் அவருடைய இடப்பாகத்தைத் தாக்கியது. வலக்கை தப்பியது, வரைவது நிற்கவில்லை. 2015இல் அவர் உடல் சிம்பயாசிஸ் வளாகத்தில், அந்த வெண்கலப் பெரியவரின் அருகே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. சிலை வழக்கம்போல ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றது.